நம்பர் பின்னால போவுது

'சர்வர் பிரச்சனை' என்ற இரண்டு வார்த்தையை வைத்துப் பன்னிரண்டு வருடம் பிழைத்துவிட்டேன். ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்றால் சர்வர் பிரச்சனை. பாஸ்புக்கை மெஷின் துப்பிவிட்டால் சர்வர் பிரச்சனை. கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு நாளைக்கு வருவார்கள். பிறருடைய வெப்சைட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் என்னைப் போன்றவனுக்கு இதைவிட வசதியான ஆள் கிடைக்காது. சர்வரை யாரும் நேரில் பார்த்ததில்லை. அதன்மேல் பழி போட்டால் கோபித்துக்கொள்ளாது, வந்து சாட்சியும் சொல்லாது. போன மார்ச்சில் ஒரு புதன்கிழமை காலை பதினொன்றே காலுக்கு நாகர்கோவிலில் என் மாடி அறையிலிருந்து அதைக் கடைசியாகச் சொன்னேன். அதற்கப்புறம் இரண்டு முறை நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

குலசேகரம் பக்கத்தில் தேன் வியாபாரம் செய்கிற ஒரு அண்ணனின் சைட் அது. பெயர் வேண்டாம். ஏழு வருடத்துக்கு முன்னால் வேர்ட்பிரஸ் என்ற சைட் கட்டும் மென்பொருளில் நான்தான் போட்டுக் கொடுத்தேன், அப்புறம் அதோடு ஆர்டர் வாங்கும் வூகாமர்ஸ் சேர்த்துக் கடையாக்கினோம். ஆர்டர்களில் முக்கால்வாசி சென்னை, கோவை, பெங்களூரு. எங்கள் மாவட்டத்துத் தேன் பெரும்பாலும் ரப்பர் தேன் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், வெளியூர்க்காரர்களுக்குத்தான் ஆச்சரியம். பூவிலிருந்து வருவதுகூட இல்லை. இலையுதிர்ந்து தளிர் விடும்போது, மூன்று இலைகள் சேர்கிற காம்பு நுனியில் கசிவதைத்தான் தேனீ எடுக்கிறது. ஆகவே மார்ச் என்றால் அந்த வீட்டில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. அண்ணன் பெட்டிகளோடு தோட்டத்தில் இருப்பார். அவர் மனைவி, எனக்கு மைனி, பின்கட்டு ஷெட்டில் பாட்டில் நிரப்புவார்.

மைனி ஒவ்வொரு ஆர்டரையும் ஒரு லாங் சைஸ் நோட்டில் பேனாவால் எழுதி வைப்பார். ஆர்டர் எண், பெயர், ஊர், எத்தனை பாட்டில், பணம் வந்ததா இல்லையா. தேன் ஒட்டிய கையோடு போனைத் தொட முடியாது என்பது காரணம். ஒருமுறை நான் சிரித்தேன். "இதெல்லாம் சைட்டிலேயே இருக்கே மைனி, எதுக்குக் கை வலிக்க எழுதுதிய?" என்றேன். "எனக்கு எழுதுனாத்தான் ஓர்மையில நிக்கும்" என்றார். ஏட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கும் பழைய ஆட்கள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். எனக்கு வயது முப்பத்தெட்டு, மைனிக்கு நாற்பத்தைந்து.

சரி, அன்று நான் செய்த காரியம். எடைக்குத் தக்கபடி கூரியர் கட்டணம் போடும் பிளகின் (வேர்ட்பிரஸ்ஸோடு ஒட்டவைக்கும் துணை நிரல்) ஒன்று அந்த சைட்டில் இருந்தது. மூன்று வருடமாக அதற்கு அப்டேட் வரவில்லை. ஒரு கிலோவுக்கும் ஐந்து கிலோவுக்கும் ஒரே கட்டணம் காட்ட ஆரம்பித்திருந்தது. வேறொன்றைத் தேடி எடுத்தேன். அதை இன்ஸ்டால் செய்தால், பி.எச்.பி. 8 இல்லாமல் ஆக்டிவேட் செய்ய முடியாது என்று வேர்ட்பிரஸ் மறித்தது. பி.எச்.பி. என்பது வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் மொழி, சைட் ஓடிக்கொண்டிருந்தது அதன் 7.4 பதிப்பில். அந்தப் பதிப்புக்கு 2022 நவம்பரோடு பாதுகாப்பு அப்டேட்டுகளும் நின்றுபோயின, எப்போதோ மாற்றியிருக்க வேண்டியது. சர்வர் அமைப்புகளை மாற்றும் சீபேனல் பக்கத்தில் போய் 8.1-க்கு மாற்றினேன், பழைய டேபுக்கு வந்தேன், ஆக்டிவேட் பட்டனை அமுக்கினேன். இரண்டுக்கும் நடுவில் சைட்டை ஒருமுறை திறந்து பார்க்கவில்லை. முழுதாகப் பத்து விநாடிகூட ஆகியிருக்காது. அடுத்து வந்தது வெள்ளைப் பக்கம், நடுவில் கட்டம் கட்டி ஆங்கிலத்தில் முதல் வரி: இந்த இணையதளத்தில் கடுமையான பிழை நேர்ந்துள்ளது. வேர்ட்பிரஸ்ஸில் வேலை செய்தவர்களுக்கு அந்த வரியைப் பார்த்தாலே வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்று தெரியும்.

நான் மூச்சு விடுவதற்குள் போன்.

"தம்பி, நம்ம சைட்டு வரல்லியே. சென்னையில இருந்து ஒரு அம்மா கூப்பிட்டுச் சொல்லுது."

"சர்வர் பிரச்சனைண்ணா. சர்வர்காரங்கட்ட சொல்லியாச்சு. அரை மணிக்கூர்ல சரியாயிரும்."

"அப்பிடியா. ஒரு மெயிலும் வந்து கெடக்கு. இங்கிலீஷ்ல, பெருசா."

"அத விடுங்கண்ணா. அது சர்வர்காரனுக்க சங்கதி."

அவர் வைத்துவிட்டார். சென்னை அம்மாவிடமும் அதையே சொல்லியிருப்பார், சந்தேகமில்லை.

அரை மணிக்கூர்

அந்த அரை மணி நேரத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாக வாயில் வந்ததைச் சொன்னேன். இதை யோசிக்க யோசிக்கத்தான் மனது ஆறவில்லை. 'நான் ஒன்றை மாற்றினேன், உடைந்துவிட்டது, பார்க்கிறேன்' என்று சொல்லியிருந்தால் அண்ணன் "பைய பாரு" என்றிருப்பார். அவர் சுபாவம் அது. ஆனால் பொய்க்கு ஒரு கால அளவு கொடுத்தால்தான் அது நம்பும்படி இருக்கும். யாரோ ஒரு சர்வர்காரன் எங்கோ உட்கார்ந்து சரி செய்கிறான், அவன் அரை மணியில் முடிப்பான் என்று இல்லாத ஆளைப் படைத்துவிட்டேன். பிறகு அந்த ஆளின் வேலையை அவன் சொன்ன நேரத்துக்குள் நான் முடிக்க வேண்டியதாகிவிட்டது.

முதலில் செய்தது சரிதான். பிளகினால் சைட் விழுந்தால் அட்மின் பக்கமும் சேர்ந்து விழும், உள்ளே போய் அணைக்க முடியாது. அப்போது சீபேனலில் ஃபைல் மேனேஜரைத் திறந்து அந்தப் பிளகினின் ஃபோல்டர் பெயரை மாற்றிவிட வேண்டும். பெயர் மாறினால் வேர்ட்பிரஸ்ஸுக்கு அது கண்ணில் படாது, தானாக அணைந்துவிடும். புதுக் கூரியர் பிளகினின் ஃபோல்டருக்குப் பின்னால் 'பழசு' என்று சேர்த்துவிட்டு சைட்டைத் திறந்தேன். அதே வெள்ளை. உலாவி சேமித்து வைத்திருக்கும் பழைய பிரதியை, கேஷை, அழித்துத் திறந்தேன். போனில் டேட்டாவைப் போட்டுத் திறந்தேன். அதே வரி.

அந்த இடத்தில் என் மூளை நின்றுபோனது. மாற்றியது ஒன்று, அதை எடுத்தாயிற்று, இனி என்ன? மாற்றியது இரண்டு என்பது சத்தியமாக ஞாபகத்திலேயே இல்லை. என் கணக்கில் பி.எச்.பி.யை ஏற்றியது அந்தப் பிளகின் வேலையின் ஒரு பகுதி, கடைக்குப் போகும்போது செருப்பு மாட்டுவது மாதிரி. மணி பதினொன்று முப்பத்தைந்து. மேஜையில் அம்மா வைத்துவிட்டுப் போன சாயா ஆடை கட்டியிருந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் அண்ணன் கூப்பிடுவார்.

சைட்டுக்கு சர்வரில் இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங்காரர்கள் வாரம் ஒரு பேக்அப் எடுப்பார்கள். சனிக்கிழமை இரவுப் பிரதி இருந்தது. ஃபைல்கள், தகவல் சேமிக்கும் டேட்டாபேஸ் இரண்டுக்கும் டிக் போட்டேன். இப்போதுள்ள தகவல் முழுவதும் அழிக்கப்பட்டுப் பழையது வைக்கப்படும், தொடரலாமா என்று ஒரு பெட்டி கேட்டது. அதைப் படிக்காமல் அமுக்கினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் படித்தேன், இரண்டு முறை. ஞாயிறிலிருந்து வந்த ஆர்டர்கள் போய்விடும் என்று தெரிந்தது. ஒரு நாளைக்கு நான்கைந்து வந்திருக்கும், எல்லாம் அண்ணனுக்கு மெயிலாகவும் போயிருக்கும், ராத்திரி ஏதாவது சாக்குச் சொல்லி அவர் பாஸ்வேர்டை வாங்கிச் சத்தமில்லாமல் ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆர்டர் தவிர அந்த டேட்டாபேஸில் வேறு என்ன இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். போகிற அந்த டேட்டாபேஸை ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கலாம், பி.எச்.பி.மைஅட்மினில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை. அமுக்கினேன்.

ஆறு நிமிடம் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. முடிந்ததும் சைட்டைத் திறந்தேன். அதே வெள்ளைப் பக்கம், அதே வரி.

பேக்அப்பில் வருவது சைட்டின் ஃபைலும் டேட்டாபேஸும் மட்டும். பி.எச்.பி. எந்தப் பதிப்பு என்பது சர்வர் பக்கத்து அமைப்பு, அது நான் வைத்த 8.1-இலேயே இருந்தது. அதாவது நான்கு நாள் தகவலை அழித்து, பதிலுக்கு ஒன்றும் வாங்கவில்லை.

அதன்பிறகு வந்த நிதானத்தைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை, கெட்டது கெட்டாயிற்று என்றால் கை நடுங்காது, அவ்வளவுதான். அண்ணன் கூப்பிட்டார், இன்னும் கொஞ்சம் நேரம் ஆகுமாம் என்று 'ஆம்' சேர்த்துச் சொன்னேன். பிறகு முதலிலேயே திறந்திருக்க வேண்டிய, பிழைகள் பதிவாகும் எர்ரர் லாக் ஃபைலைத் திறந்தேன். கடைசி இருபது வரியும் ஒரே வரி. 'கிரியேட் ஃபங்ஷன்' என்ற ஃபங்ஷனைக் காணவில்லை, இன்ன ஃபோல்டரில், இன்ன ஃபைலில், இத்தனையாவது வரியில். ஃபோல்டர் பெயர் கூரியர் பிளகினுடையது அல்ல. முகப்பில் மூன்று போட்டோ மாறி மாறி ஓடுவதற்காக ஏழு வருடத்துக்கு முன்னால் நான் போட்ட ஒரு ஸ்லைடர். பழைய பிளகின்களில், பக்கத்தில் வைக்கும் சிறு கட்டமான விட்ஜெட்டைப் பதிவு செய்ய அந்த ஃபங்ஷனைத்தான் ஒரே வரியில் எழுதுவார்கள், அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். பி.எச்.பி. 7.2-இலேயே அதைக் கைவிடப் போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள், 2020 நவம்பரில் வந்த 8.0-இல் எடுத்தே விட்டார்கள். ஸ்லைடர் ஃபோல்டரின் பெயரை மாற்றினேன். பன்னிரண்டே காலுக்கு சைட் வந்துவிட்டது. ஓடும் போட்டோ இல்லை என்பதை இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.

இதைப் படிக்கிற சக தொழிலாளிகள் சிலர், இப்போதுதான் வேர்ட்பிரஸ்ஸே தானாகப் பின்வாங்குகிறதே என்பார்கள். 2024 ஜூலையில் வந்த 6.6-இலிருந்து, தானியங்கி அப்டேட் ஆன பிளகின் சைட்டைக் கவிழ்த்தால் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடும், வாஸ்தவம். ஆனால் சீபேனலில் நீங்களாகப் போய் பி.எச்.பி.யை மாற்றினால் அதற்கு என்ன தெரியும்?

நோட்டு

மூன்று மணிக்கு மைனி கூப்பிட்டார். அவர் எனக்குத் தனியாகக் கூப்பிடுவது அபூர்வம்.

"தம்பி, நம்பர் பின்னால போவுது."

"என்ன நம்பர் மைனி?"

"ஆர்டர் நம்பரு. நேத்து நோட்டுல எழுதுனத விட இப்ப வந்தது சின்ன நம்பரு. எப்பிடி?"

டேட்டாபேஸ் சனிக்கிழமைக்குப் போய்விட்டதால் எண்ணும் சனிக்கிழமையிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கியிருந்தது. அது எனக்கு அந்த விநாடி புரிந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தால் சர்வரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "நாளைக்கு நேரில் வாறேன் மைனி" என்றேன்.

மறுநாள் காலை பைக்கில் தக்கலை தாண்டிக் குலசேகரம் போனேன். வழியில் ரப்பர் மரங்கள் எல்லாம் தளிர் விட்டு, அந்தச் செம்பும் பச்சையும் கலந்த நிறத்தில் நின்றன. மற்ற நாளாக இருந்தால் ரசித்திருப்பேன். ஷெட்டில் மைனி பாட்டில்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு காலி அட்டைப் பெட்டியின்மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, "சைட்டுல இருந்து நாலு நாள் ஆர்டர் அழிஞ்சு போச்சு, நோட்டைப் பாத்து வாசிங்க, ஏத்திருவோம்" என்றேன். யார் அழித்தது என்று சொல்லவில்லை. மைனி கையைத் துணியில் துடைத்துவிட்டு நோட்டை எடுத்தார்.

பத்தொன்பது ஆர்டர். பதினேழு நோட்டில் இருந்தது. புதன்கிழமை காலை மைனி ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்ததால் இரண்டை எழுதவில்லை. முதல் ஆர்டரை ஏற்றியதும் வாடிக்கையாளருக்குத் தானாக மெயில் போய்விட்டது, அறிவிப்பை அணைக்க மறந்திருந்தேன். கோவையிலிருந்து ஒரு அம்மா உடனே கூப்பிட்டு, ரெண்டு தடவை காசு எடுத்துட்டீங்களா என்று கேட்டார். அணைத்துவிட்டு மற்றதை ஏற்றினோம். பழைய எண்ணே மறுபடி விழாது. ஆகவே மைனி ஒவ்வொரு வரியிலும் நீல எண்ணை அடிக்காமல், பக்கத்தில் சிவப்புப் பேனாவால் புது எண்ணை எழுதினார். அடிக்கலாமே என்றேன். "பழசு பார்சல் மேல ஒட்டியாச்சு, அது வேணும்" என்றார். எட்டாவது ஆர்டர் வரும்போது நான் அந்த நோட்டைப் பார்த்துச் சிரித்த நாள் நினைவுக்கு வந்தது. மைனிக்கும் வந்திருக்கும். சொல்லவில்லை.

மிச்சம் இரண்டை மெயிலில் தேட வேண்டும். அண்ணன் அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்தார், போனைத் திறந்து நீட்டினார். புதன்கிழமைக்குத் தள்ளிக்கொண்டே போனேன். காலை 11:13. உங்கள் தளத்தில் தொழில்நுட்பக் கோளாறு என்று தலைப்பு. வேர்ட்பிரஸ்ஸே அனுப்பிய மெயில். 2019-இல் வந்த 5.2-இலிருந்து இப்படி அனுப்புகிறது என்பது எனக்கு நன்றாகவே தெரியும், அட்மின் மெயிலாக அண்ணனின் முகவரியைக் கொடுத்து வைத்ததும் நான்தான். இங்கிலீஷ்ல, பெருசா.

"அது என்ன எழுதிருக்கு?" என்றார் அண்ணன்.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். உங்கள் சைட்டில் ஒரு பிளகின் பிழை செய்கிறது. அந்தப் பிளகினின் பெயர் இது. (ஸ்லைடரின் பெயர் இருந்தது.) பி.எச்.பி. பதிப்பு 8.1. கீழே உள்ள இணைப்பை அமுக்கினால் அந்தப் பிளகினை மட்டும் ஒதுக்கிவிட்டு அட்மினுக்குள் போகலாம். இணைப்பு ஒரு நாள்தான் செல்லும். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. நான் ஃபோல்டர் பெயரை மாற்றி, கேஷை அழித்து, சனிக்கிழமையைக் கொண்டுவந்து புதன்கிழமையைக் கொன்ற நேரம் முழுவதும், பதில் இவர் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. அதைப் பற்றி அவரே என்னிடம் சொன்னார். சர்வர்காரனுக்க சங்கதி என்று நான்தான் சொன்னேன்.

"சர்வர்னு ஒண்ணும் எழுதல்லியே?"

"இல்லண்ணா. சர்வர்ல ஒண்ணும் இல்ல. நான் மாத்துனதுல போச்சு."

அவர் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "சென்னைக்கார அம்மாட்ட நான் சர்வர்னு சொல்லிட்டேனே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மைனி நோட்டைப் புரட்டி, "அந்த ரெண்டையும் வாசி தம்பி, எழுதிக்கிடுதேன்" என்றார்.

இதற்கப்புறம் என் வேலை முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், நடுவில் சைட்டைத் திறந்து பார்ப்பது, தொடுவதற்கு முன் அந்த நிமிடத்துப் பேக்அப், பி.எச்.பி. மாற்ற வேண்டுமென்றால் முதலில் சோதனைக்கு வைக்கும் ஸ்டேஜிங் பிரதியில். இதெல்லாம் எனக்கு முன்னாலேயே தெரிந்தவைதான், புதன்கிழமையும் தெரியும். ஆகவே இந்தப் பட்டியலில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அன்று எனக்குப் பற்றாமல் போனது அறிவு அல்ல, நேரம். அதை நானே வாயால் தின்றேன்.

உறைந்த தேன்

கிளம்பும்போது அண்ணன் கேட்டார், "நான் எழுதுனது எங்க தம்பி? காணல்லியே."

ஞாயிறும் திங்களும் இரவு உட்கார்ந்து போனில் நேரடியாக சைட்டிலேயே ஒரு பக்கம் தட்டியிருக்கிறார். தேன் ஏன் உறைகிறது என்று. பாட்டிலில் தேன் உறைந்தால் சீனிப்பாகு கலந்தது என்று வெளியூரிலிருந்து கூப்பிட்டுத் திட்டுவார்கள், வருடா வருடம் நடப்பது. 'இல்லை' என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அவருக்கு அது போதவில்லை. திங்கள் இரவு எனக்குப் போனில் கொஞ்சம் வாசித்தும் காட்டினார். நான் வேறொரு சைட்டில் வேலையாக இருந்துகொண்டு "கொள்ளாம்ணா" என்று சொன்னேன். காதில் விழுந்தது இவ்வளவுதான்: ரப்பர் தேனில் எந்தச் சர்க்கரை கூடுதல், அது ஏன் சீக்கிரம் மணல் கட்டும் என்பது. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் தேன்பெட்டி வைக்கச் சொல்லிக்கொடுத்த கதை, அதை இவருடைய தாத்தா பார்க்கப் போனது. 1990களின் தொடக்கத்தில் தாய் (தாய்லாந்து) சாக்புரூட் என்ற, தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய் வந்து தென் மாவட்டங்களில் தேனீக்கள் அழிந்தபோது, அப்பாவின் பெட்டிகளில் புழு செத்துக் கிடந்தது. காலிப் பெட்டிகளை அப்பா எரிக்காமல் கழுவி அடுக்கி வைத்தது. 'பெட்டி இருந்தா ஈ வரும் என்று அப்பா சொன்னார்' என்ற வரி மட்டும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

ஒரு பக்கத்தின் பழைய வடிவங்களான ரிவிஷன்களும் அதே டேட்டாபேஸில்தான் இருக்கும், எனவே அதுவும் போயிற்று. ஹோஸ்டிங்காரர்களிடம் கேட்டேன், அவர்களிடமும் அதே சனிக்கிழமைப் பிரதிதான். இணைய ஆவணக் காப்பகத்தில் தேடினேன், இரண்டு நாள் வயதுப் பக்கத்தை அது எங்கே பார்க்கப் போகிறது. அவர் போனின் உலாவியில் ஏதாவது மிச்சமிருக்குமா என்று நோண்டினேன். மைனியிடம் கேட்டேன், நோட்டில் எழுதி வைக்கவில்லையா என்று, ஒரு நப்பாசையில். "அது ஆர்டர் இல்லியே" என்றார்.

சொல்லுங்கண்ணா, நான் தட்டுகிறேன் என்றேன். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து கொஞ்சம் யோசித்தார். "அன்னைக்கு அப்பிடியே வந்துச்சு. இப்ப வரல்ல" என்றார். அப்புறம் அவரே அன்று மாலை போனில் எதையோ தட்டி ஏற்றினார். போன வாரம் வேறு வேலையாக உள்ளே போனபோது பார்த்தேன், கடைசியாகத் திருத்திய தேதி அந்த வியாழக்கிழமைதான். நான்கு வரி. தேன் உறைவது இயல்பு. கலப்படம் இல்லை. பாட்டிலை இளஞ்சூடான தண்ணீரில் வைத்தால் இளகும். சந்தேகம் இருந்தால் கூப்பிடவும்.